தட்டில் இருக்கும் காளானும் குப்பியில் இருக்கும் மருந்தும்

எல்லோருக்கும் வணக்கம்.

காளானின் மருத்துவ குணங்களைப் பற்றிப் பேச்சு என்றாலே முதலில் வரும் கேள்வி, "காளான் சாப்பிட்டால் புற்றுநோய் வராதாமே, உண்மையா?" என்பதுதான். அதற்குப் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்படி உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? 2021இல் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தினர் 17 பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நாளொன்றுக்கு 18 கிராம் காளான் சாப்பிடுகிறவர்களுக்கு, சாப்பிடாதவர்களைவிடப் புற்றுநோய் வாய்ப்பு 45 சதவீதம் குறைவு என்று கணக்கு வந்தது. செய்தி உலகமெல்லாம் பரவியது. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே இன்னொரு ஆய்வு வெளியாகியிருந்தது. அமெரிக்காவில் செவிலியர்களும் மற்ற மருத்துவத் துறையினருமாக 1,12,000 பேருக்கு மேல், 20 ஆண்டுகளுக்கும் அதிகமாகத் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. அதில் காளான் சாப்பிடுவதற்கும் புற்றுநோய்க்கும் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. இதை யாரும் பகிரவில்லை. "வித்தியாசம் ஒன்றும் இல்லை" என்பது ஒரு செய்தியா என்ன!

சரி, அப்படியென்றால் காளானில் மருந்தே இல்லையா? நிறைய இருக்கிறது. ஆனால் அந்தப் பொருள்களைக் காளான் நமக்காகத் தயாரிக்கவில்லை. தன் சண்டைகளுக்காகத் தயாரிக்கிறது. அந்தச் சண்டைகளைப் பார்த்தால்தான் மருந்து எங்கே இருக்கிறது என்று புரியும்.

சிப்பிக் காளானை எடுத்துக்கொள்ளுங்கள். செத்த மரத்தில் வளர்வது. மரத்தில் கரிமச்சத்து ஏராளம், நைட்ரஜன்தான் பஞ்சம். அதே மரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நூற்புழுக்கள் நெளிந்துகொண்டிருக்கும். அவற்றின் உடம்பில் நைட்ரஜன் இருக்கிறது. இந்தச் சாதுவான காளான் புழுக்களைப் பிடித்துத் தின்கிறது என்று 1984இல் தார்ன், பாரன் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். எப்படிக் கொல்கிறது என்பது பிடிபட வெகுகாலம் ஆயிற்று. 2023இல் தைவானின் அகாடமியா சினிகா ஆய்வுக்குழு அதை வெளியிட்டது.

மரத்துக்குள் ஓடும் காளானின் இழைகளில், குச்சி மிட்டாய் வடிவத்தில் நுணுக்கமான முண்டுகள் நிற்கின்றன. புழுவின் மூக்கு பட்டதும் முண்டு உடைகிறது. உள்ளேயிருந்து 3-ஆக்டனோன் என்ற ஆவி வெளிப்படுகிறது. புழுவின் செல்களுக்குள் கால்சியம் வெள்ளமாகப் பாய்கிறது, தசை முடங்குகிறது, சில நிமிடங்களில் புழு அசைவதில்லை. அப்புறம் இழைகள் அதன் உடம்புக்குள் நுழைந்து சத்தை உறிஞ்சுகின்றன. இதே 3-ஆக்டனோன் காளான் வாசனையிலும் ஒரு பங்கு வகிக்கிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

உடனே "அப்படியானால் குடல் புழுவுக்குச் சிப்பிக் காளான் நல்லதா?" என்று கேட்காதீர்கள். அந்த முண்டுகள் மரத்துக்குள் இருக்கும் இழைகளில்தான் உண்டு, நாம் சமைக்கிற குடையில் இல்லை. ஆடுகளின் இரைப்பையில் ரத்தம் குடிக்கும் புழுக்களின் குஞ்சுகள்மீது சிப்பிக் காளான் சாறுகளைச் சோதித்துப் பார்க்கிறார்கள். அது ஆய்வுக்கூட வேலை, வீட்டு வைத்தியம் அல்ல.

பூஞ்சைக்கு எதிரான கதை இதைவிட முழுமையானது, மருந்தாகவும் ஆகியிருக்கிறது. காளானே ஒரு பூஞ்சைதான். ஆனால் ஒரே மரக்கட்டைக்குப் போட்டி போடும் மற்ற பூஞ்சைகள் அதற்குப் பங்காளிகள். ஐரோப்பாவில் பீச் மரங்களில் வழவழவென்று வெள்ளையாக முளைக்கும் காளான் ஒன்று உண்டு. கோழையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுவார்கள். செக் ஆய்வாளர்கள் 1960களில் அதிலிருந்து மியூசிடின் என்ற பொருளைப் பிரித்தார்கள். தோலில் வரும் பூஞ்சைத் தொற்றுக்கு அது மருந்தாகவும் பயன்பட்டது. பைன் மரத்தின் காய்ந்த கூம்பில் முளைக்கும் சின்னஞ்சிறு காளானிலிருந்து ஸ்ட்ரோபிலூரின் என்ற பொருளை ஜெர்மனியில் டிம் ஆங்கே, வொல்ஃப்காங் ஸ்டெக்லிஷ் இருவரும் 1977இல் அறிவித்தார்கள். பிறகு பார்த்தால் இரண்டும் ஒன்றே!

அது செய்கிற வேலை: செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில், ஆற்றல் தயாரிக்கும் புரதங்களின் வரிசையான மூச்சுச் சங்கிலியின் ஒரு கண்ணியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. எதிரியின் ஆற்றல் உற்பத்தி நின்றுவிடுகிறது. தன் விஷம் தன்னையே கொல்லாதா? அந்தக் கண்ணியின் புரதத்தைக் காளான் கொஞ்சம் மாற்றி வைத்திருக்கிறது, அதனால் தப்பிக்கிறது. மலேரியா மருந்தான அடோவகுவோன் தாக்குவதும், ஒட்டுண்ணியின் மைட்டோகாண்ட்ரியாவில் இதே கண்ணியைத்தான். அது காளானிலிருந்து வந்ததல்ல. ஆனாலும் இலக்கு ஒன்று என்பது கவனிக்கத்தக்கது.

இயற்கையான ஸ்ட்ரோபிலூரினில் ஒரு குறை, வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும். மரத்தின் இருட்டில் வேலை செய்யும் பொருளுக்கு வெயில் தாங்கும் அவசியம் ஏது? வேதியியலாளர்கள் அதன் வடிவத்தை மாற்றினார்கள். 1996இல் அசாக்சிஸ்ட்ரோபின் போன்றவை விவசாயப் பூஞ்சைக்கொல்லிகளாக விற்பனைக்கு வந்தன. இரண்டே ஆண்டுகளில், 1998இல், ஜெர்மனியின் கோதுமை வயல்களில் இவற்றுக்கு அசராத சாம்பல் நோய்ப் பூஞ்சை தோன்றிவிட்டது. மூச்சுச் சங்கிலியின் அந்தக் கண்ணிப் புரதத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருந்தது. காளான் தன்னைக் காத்துக்கொண்ட அதே உபாயத்தை எதிரியும் பிடித்துக்கொண்டது!

இப்போது புற்றுநோய். 1969இல் ஜப்பானில் கோரோ சிஹாராவும் குழுவினரும் ஷிட்டாகே காளானிலிருந்து லென்டினன் என்ற பெரிய சர்க்கரைச் சங்கிலியைப் பிரித்தெடுத்து எலிகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். கட்டிகள் சுருங்கின, பல எலிகளில் அடியோடு மறைந்தன. வேடிக்கை என்னவென்றால், லென்டினன் புற்றுநோய் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. நோய் எதிர்ப்பு செல்களைப் பக்குவப்படுத்தும் தைமஸ் சுரப்பியை நீக்கிய எலிகளில் அது பலிக்கவில்லை. அதாவது, வேலையைச் செய்தது எலியின் நோய் எதிர்ப்பு மண்டலம். பூஞ்சைகளின் செல் சுவரில் இருக்கிற பீட்டா குளூக்கான் வகைதான் லென்டினன். நம் வெள்ளணுக்களின் மேலே டெக்டின்-1 என்ற ஏற்பி இருக்கிறது, பீட்டா குளூக்கானைத் தொட்டதும் "பூஞ்சை நுழைந்துவிட்டது" என்று எச்சரிக்கும். லென்டினன் அந்த எச்சரிக்கை மணியை அடிக்கிறது, படை கிளம்புகிறது.

1985இல் ஜப்பான் இரைப்பைப் புற்றுநோய்க்குத் துணை மருந்தாக இதை அனுமதித்தது, அதுவும் ஊசி மருந்தாக. ஆனால் அங்கேயே பின்னால் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில், புற்றுநோய் மாத்திரையோடு லென்டினன் சேர்த்தும் நோயாளிகளின் ஆயுள் கூடவில்லை. எலியில் பார்த்த அதிசயம் மனிதரில் அதே அளவில் வரவில்லை என்பதுதான் என் மதிப்பீடு. இதே ஷிட்டாகேயைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்ற சிலருக்கு, சாட்டையால் அடித்த மாதிரி உடம்பெல்லாம் சிவந்த கோடுகள் வரும். அதற்கும் லென்டினனையே காரணம் சொல்கிறார்கள். அதனால் ஷிட்டாகேயை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கார்டிசெபின் என்ற பொருள். பூச்சிகளின் கூட்டுப்புழுமேல் ஆரஞ்சு நிறத்தில் முளைக்கும் கார்டிசெப்ஸ் மிலிடாரிஸ் என்ற பூஞ்சையிலிருந்து 1950இல் கிடைத்தது. இப்போது இந்தப் பூஞ்சையை வளர்த்து உணவாக விற்கிறார்கள். கார்டிசெபின் பார்ப்பதற்கு, செல்லின் ஆர்என்ஏ சங்கிலியில் ஒரு கண்ணியான அடினோசின் போலவே இருக்கும். ஒரே ஒரு ஆக்சிஜன் குறைவு. செல் ஏமாந்து இதை ஆர்என்ஏ சங்கிலியில் கோத்தால், அடுத்த கண்ணியை மாட்ட இடமில்லாமல் சங்கிலி அங்கேயே நின்றுவிடும்.

ஆப்பிரிக்காவில் ஈ கடித்துப் பரவும் உறக்க நோயை உண்டாக்கும் டிரிப்பனோசோமா ஒட்டுண்ணியால் அடினோசின் வகைப் பொருள்களைத் தானாகத் தயாரிக்க முடியாது. நம்மிடமிருந்து ஆவலாக அள்ளிக்கொள்ளும். ஆக, கார்டிசெபினையும் அள்ளிக்கொள்ளும். ஆனால் ஒரு சிக்கல். நம் உடம்பில் உள்ள அடினோசின் டிஅமினேஸ் என்ற நொதி கார்டிசெபினைச் சில நிமிடங்களில் செயலிழக்கச் செய்துவிடும். 2005இல் சுவீடன் ஆய்வாளர்கள் அந்த நொதியைத் தடுக்கும் டிஆக்ஸிகோஃபார்மைசினையும் கூடவே கொடுத்தார்கள். ஒட்டுண்ணி மூளைவரை போய்விட்ட எலிகளும் குணமாயின.

அந்தத் தடுப்பு மருந்துக்கு இன்னொரு பெயர் பென்டோஸ்டேட்டின், ரத்தப் புற்றுநோய் ஒன்றுக்கு ஏற்கெனவே பயன்படுவது. 2017இல் என்ன தெரியவந்தது தெரியுமா? கார்டிசெப்ஸ் மிலிடாரிஸே பென்டோஸ்டேட்டினையும் தயாரிக்கிறது, தன் கார்டிசெபினைக் காப்பாற்றிக்கொள்ள! மனிதர்கள் யோசித்துச் சேர்த்த கூட்டு மருந்தைப் பூஞ்சை தன்னிடம் முன்பே வைத்திருந்தது.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஒரு மருந்து நிறுவனமும் வேறு வழியில் போனார்கள். கார்டிசெபினோடு ஒரு பாஸ்பேட் தொகுதியைச் சேர்த்து, அந்த நொதியின் பிடியில் சிக்காமல் செல்லுக்குள் நுழையும்படி மாற்றினார்கள். என்யூசி-7738 என்பது அதன் பெயர். ஆய்வுக்கூடப் புற்றுநோய் செல்களில் அது கார்டிசெபினைவிட 40 மடங்கு வரை வீரியமாக இருந்தது. நோயாளிகளிடமும் சோதனைக்குப் போனது.

கார்டிசெப்ஸ் பொடியும் மாத்திரையும் வாங்கிவைத்திருப்பவர்கள் இந்த அரங்கிலும் இருக்கலாம். பென்டோஸ்டேட்டின் நோய் எதிர்ப்பு செல்களையும் குறைக்கக்கூடியது. எந்தப் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று டப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. புற்றுநோய் சிகிச்சையில் இருக்கிறவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் அதைத் தொட வேண்டாம். இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.