தவிட்டுக்கு வாங்கின பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் கும்பகோணம் பக்கம் தெருச்சண்டை முற்றினால் "பேதியில போவ!" என்றொரு வசவு காதில் விழும். திட்டுகிறவருக்கும் சரி, வாங்கிக்கட்டிக்கொள்கிறவருக்கும் சரி, இன்று அது வெறும் வார்த்தை. நூறு வருஷத்துக்கு முன்னால் கேட்டவர்களுக்குக் குலை நடுங்கியிருக்கும். காலையில் நாற்றுப் பறித்தவன் பொழுது சாய்வதற்குள் சுடுகாடு போன காலம் அது.

பேதி என்று ஊரில் சொன்னது காலராவைத்தான். 1817-இல் வங்காளத்தில் கிளம்பிய அது, மறு வருஷமே சென்னை மாகாணத்துக்குள் வந்துவிட்டது. 1827-இல் கவர்னர் தாமஸ் மன்றோவே சுற்றுப்பயணம் போன இடத்தில் இதில்தான் இறந்தார். 1884-இல் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் கல்கத்தாவில் குளத்துத் தண்ணீரிலேயே கிருமியைக் கண்டுபிடித்தார். அன்றைக்கு நமக்கோ குடிக்க, குளிக்க, துணி அலச எல்லாவற்றுக்கும் அதே ஆறு, அதே வாய்க்கால். மேலூரில் அலசியது கீழூரில் குடத்துக்குள் வந்து சேரும்.

பேதி கண்ட வீட்டுக்கு வரும் உறவுக்காரனே வாசலோடு நின்றுவிடுவான். ஆனால் அந்த வீட்டுத் துணியை வண்ணார் எடுத்துப் போய்த்தான் ஆக வேண்டும். பிணத்தை வெட்டியான் பார்த்துத்தான் ஆக வேண்டும். சேரிக்காரருக்கோ அன்று ஊர்க்கிணற்றில் வாளி விட உரிமை கிடையாது. காலரா ஜாதி பார்க்காது என்பார்கள். கிருமி பார்க்காது, சரி. கிணறு பார்த்ததே!

அப்புறம் பெயர்கள். குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை, மூக்கன் என்று பழைய வாக்காளர் பட்டியலில் வரிசையாக வரும். இவற்றில் பல, முன்னால் பிறந்தவை தங்காத வீட்டுப் பெயர்கள்.

என் பெரியப்பாவும் குப்புசாமிதான். அவருக்கு மூத்த இரண்டையும் ஒரே தை மாதத்தில் பேதிக்குக் கொடுத்தவர் எங்கள் அப்பாயி, அதாவது அப்பாவைப் பெற்றவர். இவர் பிறந்ததும் குப்பைமேட்டில் ஒரு நிமிஷம் போட்டு எடுத்து, முறத்தில் கிடத்தி, ஒரு படி தவிட்டுக்கு நாத்தனாரிடம் விற்றுவிட்டார்களாம். இனி இது எங்கள் பிள்ளை இல்லை, நோயைக் கொண்டுவரும் அம்மன் ஆத்தா தேடி வரமாட்டாள் என்று ஒரு கணக்கு. தவிட்டை அன்றைக்கே மாட்டுக்குக் காட்டியிருப்பார்கள். விற்ற பிள்ளை வளர்ந்தது என்னவோ அப்பாயி மடியில்தான். ஆனால் வாங்கியவரைத்தான் 'அம்மா' என்று கூப்பிட வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள்.

அப்பாயி போன அன்றைக்குப் பெரியப்பாவுக்கு அறுபது வயதிருக்கும். தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு "அத்தை, அத்தை" என்றுதான் அழுதார்.