சந்தேகங்களுக்கு விளக்கம்: வெள்ளி கிடைக்கிறதுக்கு முன்னாடி இன்யோ எப்படி இருந்தது?

ஒரு நேயர் கேட்டிருக்கார்: "அமெரிக்காவோட கலிபோர்னியாவுல இன்யோ கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) வெள்ளிச் சுரங்கத்தால வளந்துச்சுன்னு சொன்னீங்க. அதுக்கு முன்னாடி வெறும் பாலைவனமாத்தான் கிடந்ததா?"

இல்லைங்க. அங்க மழை குறைவுதான். ஆனா மேற்கே சியரா நெவாடா மலையில பனி உருகி ஓடை ஓடையா இறங்கும். அந்தத் தண்ணிய இன்யோவுல இருக்கற ஓவன்ஸ் பள்ளத்தாக்குல பையூட்ங்கிற பூர்வகுடி மக்கள் வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சிட்டிருந்தாங்க.

பிஷப் க்ரீக் ஓடைய எடுத்துக்கங்க. வசந்த காலம் வந்தா, தண்ணி பாய்ச்சுற பொறுப்புக்கு ஊர் சேர்ந்து ஒருத்தரத் தேர்ந்தெடுக்கும். கல்லு, செடிசெத்தை, சேறு எல்லாம் போட்டு ஓடையில அணை கட்டுவாங்க. அப்புறம் அந்த ஆளு நீளமான மரக்கம்ப வச்சுக்கிட்டு மண்ண ஒதுக்கி ஒதுக்கித் தண்ணியத் திருப்பி விடுவார். விதைக்கிற பழக்கம் இல்லை. தானா முளைக்கிற கோரை மாதிரிக் கிழங்குகளுக்குத்தான் இந்தப் பாசனம். ஒரு வருஷம் வடக்குப் பக்கம், அடுத்த வருஷம் தெற்குப் பக்கம். அறுவடை நேரத்துல அணைய உடைச்சிடுவாங்க. வாய்க்கால் வத்துறப்போ துள்ளுற மீனையெல்லாம் அள்ளிக்குவாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

1861ல வெள்ளைக்காரங்க மாட்டு மந்தைகளோட குடியேறினாங்க. பக்கத்துல அரோரா சுரங்க ஊருக்கு இறைச்சி தேவைப்பட்டுச்சு. மாடுங்க அந்தக் கிழங்கு நிலத்துலயே மேஞ்சுது. அந்தக் குளிர்காலமும் கடுமை, பசி. பையூட்கள் மாட்டப் பிடிச்சுத் தின்னாங்க, சண்டை மூண்டுச்சு. 1862 ஜூலை 4ஆம் தேதி, அதாவது அமெரிக்க சுதந்திர தினத்துல, ராணுவம் முகாம் போட்டதால அதுக்கு இண்டிபெண்டன்ஸ்னு பேரு வந்துச்சு. இன்னிக்கு கவுண்டியோட தலைநகரும் அதே பேருதான். 1863 ஜூலையில கிட்டத்தட்ட 1,000 பையூட்கள 200 மைலுக்கு மேல ஃபோர்ட் டெஹோன்ங்கிற ராணுவக் கோட்டைக்கு ஓட்டிட்டுப் போனாங்க. வழியில செத்தவங்க உண்டு, தப்பிச்சுத் திரும்பினவங்களும் உண்டு.

இன்யோவுல செர்ரோ கோர்டோங்கிற மலையில வெள்ளி கிடைச்சது 1865. கவுண்டி உருவானது 1866. ஆட்கள வெளியேத்தினதுக்கு அப்புறம்தான் இதெல்லாம், வரிசையக் கவனிங்க.

பின்னாடி, 1905ல இருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் இந்தப் பள்ளத்தாக்குல நிலத்தையும் தண்ணி உரிமையையும் வாங்க ஆரம்பிச்சுது. 1913 நவம்பர் 5ஆம் தேதி அந்தத் தண்ணிய நகரத்துக்குக் கொண்டுபோற 233 மைல் கால்வாய் திறந்துச்சு. 1920கள்ல ஓவன்ஸ் ஏரி வத்திப்போச்சு. குடியேறின விவசாயிங்க அப்போ பட்ட கஷ்டம் நிஜம்தான், அது நிறைய எழுதப்பட்டிருக்கு. ஆனா அந்தத் தண்ணிய முதல்ல இழந்தவங்க பையூட்கள். அவங்க பாசனம் கட்டுக்கதையும் இல்லைங்க. 1859ல அங்க போன கேப்டன் டேவிட்சன், அந்த வாய்க்கால்களக் கண்ணால பார்த்து ராணுவ அறிக்கையில எழுதி வச்சிருக்கார்.