பிடிக்காதவர் காப்பாற்றிய பாட்டு

எல்லோருக்கும் வணக்கம்.

இன்று ஒரே ஒரு பாட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆறு நிமிடப் பாட்டு. டென் சிசி என்ற ஆங்கிலேயக் குழு 1975-இல் வெளியிட்ட 'ஐம் நாட் இன் லவ்'. பெயர் தெரியாமலேகூட உங்களில் பலர் இதைக் கேட்டிருக்கலாம். 2014-இல் வந்த 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' படம் இந்தப் பாட்டோடுதான் தொடங்கும்.

காதல் பாட்டு என்றால் உள்ளம் உருகி ஒரே மூச்சில் பிறந்துவிடும் என்று நமக்கு ஒரு நம்பிக்கை உண்டு. நள்ளிரவு, தூக்கம் வரவில்லை, எழுந்து உட்கார்ந்தார், விடிவதற்குள் பாட்டு முடிந்தது என்று கதை சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். இந்தப் பாட்டு அப்படி வந்ததல்ல. ஒருமுறை பதிவுசெய்து, பிடிக்காமல் அழித்துவிட்டார்கள். அதற்கு மறுபடி உயிர் கொடுத்த யோசனை வந்தது, அதைக் கொஞ்சமும் ரசிக்காத ஒருவரிடமிருந்து.

குழுவில் நான்கு பேர்: எரிக் ஸ்டூவர்ட், கிரஹாம் கூல்ட்மன், கெவின் காட்லி, லோல் க்ரீம். நால்வருமே எழுதுவார்கள், நால்வருமே பாடுவார்கள். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஸ்டாக்போர்ட் என்ற ஊரில் ஸ்ட்ராபெரி ஸ்டூடியோஸ் என்ற ஒலிப்பதிவுக்கூடம் இருந்தது. அதன் உரிமையாளர்களில் ஸ்டூவர்ட்டும் ஒருவர். குழுவின் ஒலிப்பதிவுப் பொறியாளரும் அவரேதான். சொந்தக்கூடம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு இவ்வளவு என்று வாடகை கட்டுகிறவர்கள் யாரும், நான் இனிச் சொல்லப்போவதைச் செய்து பார்க்கத் துணிந்திருக்க மாட்டார்கள்.

பாட்டின் கரு ஸ்டூவர்ட்டின் வீட்டிலிருந்து வந்தது. கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. "என்னைக் காதலிக்கிறேன் என்று நீங்கள் அடிக்கடி சொல்வதே இல்லையே" என்று மனைவி குறைப்பட்டுக்கொண்டார். தினமும் சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்புப் போய்விடுமே என்று இவருக்கு யோசனை. சரி, சொல்லாமலே எப்படிச் சொல்வது? காதல் இல்லவே இல்லை என்று ஒருவன் அடித்துப் பேசுகிறான். ஆனால் அவன் சொல்லும் ஒவ்வொரு காரணமும் அவனையே காட்டிக்கொடுக்கிறது. சுவரில் உன் படத்தை மாட்டியிருக்கிறேன், அதுவும் அங்கே இருக்கும் கறையை மறைக்கத்தான் என்கிறான். யார் நம்புவார்கள்?

மெட்டை ஸ்டூவர்ட்டும் கூல்ட்மனும் சேர்ந்து முடித்தார்கள். முதலில் பதிவுசெய்தது போஸா நோவா தாளத்தில். பிரேசிலிலிருந்து வந்த அந்த இலகுவான ஆட்டநடை. காட்லிக்குப் பிடிக்கவில்லை. ஒளித்துவைத்துப் பேசவும் இல்லை, வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிட்டார். மற்றவர்களுக்கும் பெரிய உற்சாகம் இல்லை. அந்தப் பதிவை அழித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள்.

ஆனால் ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர்கள் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். அது ஸ்டூவர்ட்டின் காதில் விழுந்தது. மறுபடி முயலலாமா என்று கேட்டபோது காட்லி ஒரு நிபந்தனை போட்டார்: இதுவரை யாரும் செய்யாத விதத்தில் செய்வதானால் செய்யலாம், வாத்தியங்களை விட்டுவிட்டு முழுக்கக் குரல்களாலேயே செய்வோம். பிடித்தவராக இருந்திருந்தால் தாளத்தைக் கொஞ்சம் மாற்று, கிதாரைக் கொஞ்சம் குறை என்று மராமத்துதான் சொல்லியிருப்பார். எதையும் காப்பாற்றும் கட்டாயம் இல்லாதவரால்தான் இப்படி அடியோடு பெயர்த்துப் பேச முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

முழுக்கக் குரல் என்றால் எத்தனை குரல்? பெரிய கோரஸ் குழுவை வரவழைக்கலாம். ஆனால் மனிதர்கள் மூச்சு வாங்குவார்களே! இங்கேதான் லோல் க்ரீம் குறுக்கே வந்தார்: டேப்பை வளையமாக ஒட்டிச் சுற்றவிட்டால் குரல் நிற்கவே நிற்காது என்றார்.

அப்புறம் தொடங்கியது வேலை. கூல்ட்மன், காட்லி, க்ரீம் மூவரும் மைக் முன்னால் நின்று ஒரே சுருதியில் "ஆ..." என்று நீட்டிப் பாடினார்கள். அதை 16 முறை பதிவுசெய்தார்கள். மூன்று பேர், 16 முறை, ஆக ஒரு ஸ்வரத்துக்கு 48 குரல்கள். அடுத்த ஸ்வரத்துக்கு மறுபடி முதலிலிருந்து. இப்படிப் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களுக்கும். சுமார் மூன்று வாரம் "ஆ" தவிர வேறொன்றும் இல்லை. கூட்டிப் பார்த்தால் ஐந்நூறு குரல்களுக்கு மேல் வரும்.

ஒவ்வொரு ஸ்வரத்தையும் சுமார் 12 அடி நீள டேப்பில் இறக்கி, இரண்டு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினார்கள். 12 அடி வளையம் டேப் ரெக்கார்டரில் எங்கே அடங்கும்? ஒரு பக்கம் ரெக்கார்டரில் டேப்பைப் படிக்கும் ஹெட், மறுபக்கம் மைக் ஸ்டாண்டின் உச்சியில் பொருத்திய ஓர் உருளை. இடையில் டேப் விறைப்பாக ஓடியது. அவ்வளவு நீளத்துக்கும் காரணம் உண்டு. ஒட்டிய இடம் ஹெட்டைக் கடக்கும்போதெல்லாம் 'டிக்' என்று ஒரு சின்ன ஒலி வரும். வளையம் குட்டையாக இருந்தால் அது நொடிக்கொரு முறை கேட்டுக்கொண்டே இருக்கும். நீளமாக இருந்தால் எப்போதாவது வரும், மற்ற ஒலிகளில் கரைந்துபோகும்.

இப்போது மிக்ஸிங் மேஜையில் ஒவ்வொரு ஃபேடருக்கும், அதாவது மேலும் கீழும் நகர்த்தி ஒலியளவை மாற்றும் பொத்தானுக்கும், ஒரு ஸ்வரம். எந்த ஃபேடரை ஏற்றுகிறீர்களோ அந்த ஸ்வரம் எழும். மூன்று நான்கை ஒன்றாக ஏற்றினால் ஒரு கார்ட். நான்கு பேரும் மேஜையைச் சுற்றி நின்று, பாட்டு ஓட ஓட ஃபேடர்களை ஏற்றி இறக்கி அதை வாசித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இனிமேல்தான். ஃபேடர் அடிவரை இறங்காதபடி கீழே பசை டேப் ஒட்டித் தடுத்துவிட்டார் ஸ்டூவர்ட். அதனால் எந்த ஸ்வரமும் முழுசாக அடங்கவில்லை. நம் சுருதிப்பெட்டி ஒரு சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இங்கே பன்னிரண்டும் ஒருசேர அடியில் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கின்றன. காதல் இல்லை, இல்லை என்று மேலே ஒருவன் பாட, அவன் அடக்கப் பார்ப்பது அடங்க மறுக்கிறது. பொருளை உத்தேசித்துச் செய்தார்களோ என்னவோ, செய்த வேலை அந்த வரிகளுக்கு அப்படிப் பொருந்திவிட்டது.

கடைசியில் வாத்தியங்கள் இல்லாமலும் இல்லை. ஸ்டூவர்ட்டின் மின்பியானோ, கூல்ட்மனின் கிதார், மூக் சிந்தசைசர் என்ற மின்னணுக் கருவியில் காட்லி எழுப்பிய நெஞ்சுத் துடிப்பு போன்ற ஓர் அடி. முழு டிரம்ஸ் செட் கிடையாது.

எல்லாம் முடிந்த பிறகும் நடுப்பகுதியில் ஏதோ குறைவதாக அவர்களுக்குத் தோன்றியது. பெரிய பையன்கள் அழ மாட்டார்கள் என்ற பொருளில், க்ரீம் முன்பு பியானோ மைக்கில் விளையாட்டாகச் சொன்ன ஒரு வரி நினைவுக்கு வந்தது. யாரைச் சொல்லவைப்பது என்று பேசிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. ஸ்டூடியோவில் செயலாளராக இருந்த கேத்தி ரெட்ஃபர்ன் எட்டிப் பார்த்து, எரிக்குக்குத் தொலைபேசி அழைப்பு வந்திருப்பதாகத் தாழ்ந்த குரலில் சொன்னார். "இதுதான் அந்தக் குரல்!" என்று க்ரீம் குதித்தார். கேத்தி தயங்கினார், வற்புறுத்தி மைக் முன் நிறுத்தினார்கள். உலகம் முழுக்கக் கேட்ட அந்தக் கிசுகிசுப்பு அவருடையது.

ஃபோனோகிராம் இசைத்தட்டு நிறுவனம் குழுவை ஒப்பந்தம் செய்ததற்கு இந்தப் பாட்டுதான் காரணம் என்று ஸ்டூவர்ட் சொல்லியிருக்கிறார். ஆனாலும் 'தி ஒரிஜினல் சவுண்ட்டிராக்' ஆல்பத்திலிருந்து முதல் சிங்கிளாக, அதாவது தனித்தட்டாக, வந்தது இது அல்ல, வேடிக்கையான வேறொரு பாட்டு. இதன் முறை மே மாதத்தில்தான் வந்தது. ஆறு நிமிடப் பாட்டு வானொலிக்குத் தலைவலி. அமெரிக்கப் பதிப்பை நான்கு நிமிடத்துக்குள் வெட்டினார்கள். பிரிட்டனில் ஜூன் கடைசியில் முதலிடத்துக்கு வந்து இரண்டு வாரம் இருந்தது. அமெரிக்காவில் மூன்று வாரம் இரண்டாமிடம். அந்த மூன்று வாரமும் முதலிடத்தில் இருந்தவை மூன்று வெவ்வேறு பாட்டுகள்: முதலில் 'தி ஹசில்', அடுத்து ஈகிள்ஸ் குழுவின் பாட்டு, அப்புறம் பீ ஜீஸ். பிரிட்டனில் பாட்டு எழுதுவோருக்குத் தரும் ஐவர் நொவெல்லோ விருதுகள் மூன்றும் வந்தன. வேடிக்கை என்னவென்றால், காதலை மறுக்கும் இந்தப் பாட்டுக்கு ஜோடி ஜோடியாகக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். அவர்களைத் தவறு சொல்ல மாட்டேன். அந்த மறுப்பை ஒருவரும் நம்பவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டே குழு உடைந்தது. காட்லியும் க்ரீமும் விலகினார்கள். மற்ற இருவரும் அதே பெயரில் தொடர்ந்தார்கள். பாட்டு எழுதுவதில் தேர்ந்த ஜோடி ஒரு பக்கமும், விபரீத யோசனைகளின் ஜோடி மறுபக்கமும் போனது என்று பொதுவாகச் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனாலும் இந்த ஒரு பாட்டுக்கு இரண்டு ஜோடியும் வேண்டியிருந்தது. இன்று இதே ஒலியை ஒரு கீபோர்டில் பொத்தானை அழுத்தி எடுத்துவிடலாம், எடுக்கிறார்கள். பன்னிரண்டு ஃபேடர்களில் எதை எப்போது எவ்வளவு ஏற்றுவது என்ற முடிவைத்தான் அந்தப் பொத்தான் எடுக்காது.

இப்போது முழுப் பாட்டையும் போடப்போகிறோம், வெட்டிய வடிவத்தை அல்ல. முதல் தடவை வரிகளைக் கவனிக்காதீர்கள். குரலுக்கு அடியில் இரையும் அந்த 'ஆ'வை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். இரண்டாவது தடவை வரிகளைக் கேட்கலாம். கேள்விகள் அதற்கப்புறம்.