கடவுச்சொல்லை ஊகிப்பது யார்?

வணக்கம் நேயர்களே. கடவுச்சொல் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறியீடு ஒன்று என்ற பழைய பாடத்தை நான் ஒப்பிக்கப் போவதில்லை. அதைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் காது புளித்துவிட்டது. அந்தப் பாடத்தை எழுதியவருக்கே பிற்பாடு அதில் நம்பிக்கை போய்விட்டது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

திருடன் என்றதும் நாம் என்ன நினைக்கிறோம்? கணினி முன்னால் ஒருவன் உட்கார்ந்து நம் பிள்ளையின் பெயரையும் பிறந்த வருடத்தையும் மாற்றி மாற்றித் தட்டிப் பார்க்கிறான் என்று நினைக்கிறோம். நம்மை நன்றாகத் தெரிந்தவர்கள் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் முன்பின் தெரியாதவனுக்கு நம்மைப் பற்றிய அக்கறையே இல்லை. என்றோ நாம் பதிவு செய்துவிட்டு மறந்துபோன ஏதோ ஒரு தளத்தின் பயனர் பட்டியல் மொத்தமாகக் களவு போயிருக்கும். அதிலுள்ள மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் ஒரு நிரல் எடுத்துக்கொண்டுபோய் வங்கி, மின்னஞ்சல், கடை என்று வரிசையாகப் போட்டுப் பார்க்கும். எங்கே திறக்கிறதோ அங்கே நுழைந்துவிடும்.

அதனால்தான் சொல்கிறேன், ஒரே கடவுச்சொல்லை இரண்டு இடத்தில் வைப்பதை விடப் பெரிய ஆபத்து இதில் வேறில்லை. எவ்வளவு கடினமான சொல்லாக இருந்தாலும் சரி, அது ஒரு தளத்தில் வெளியே போய்விட்டால் அதே சொல் இருக்கும் எல்லாக் கணக்கும் போன மாதிரிதான்.

2009 டிசம்பரில் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடிக்கும் மேற்பட்ட கடவுச்சொற்கள் திருடு போயின. அவர்கள் அவற்றை அப்படியே, படிக்கிற எழுத்தாகவே சேமித்து வைத்திருந்தார்கள். அதிகம் பேர் வைத்திருந்த கடவுச்சொல் 123456. சிரிப்பு வரலாம். ஆனால் உலகத்துக்கு அன்று கிடைத்தது அந்தச் சிரிப்பு மட்டுமல்ல. மனிதர்கள் கடவுச்சொல்லை எப்படி யோசிக்கிறார்கள் என்பதற்கான முழு மாதிரிப் பட்டியலும்தான். கடவுச்சொல்லை உடைக்கும் நிரல்கள் இன்றும் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகின்றன. ‘a’ வர வேண்டிய இடத்தில் ‘@’ போடுவது, கடைசியில் 123 சேர்ப்பது, முதல் எழுத்தைப் பெரிதாக்குவது எல்லாம் அவற்றுக்கு முதல் நிமிடத்துச் சோதனை. பிடித்த பாட்டு வரியும் பழமொழியும் அப்படியே.

ஒழுங்கான தளங்கள் கடவுச்சொல்லைச் சேமிப்பதில்லை. அதை ஒரு கணித வழிமுறைக்குள் செலுத்தி, திரும்ப மாற்ற முடியாத ‘ஹேஷ்’ என்ற வடிவத்தை மட்டும் வைத்துக்கொள்கின்றன. (மறந்துவிட்டது என்று அழுத்தினால் உங்கள் பழைய கடவுச்சொல்லையே மின்னஞ்சலில் அனுப்பிவைக்கும் தளம் ஏதாவது இருந்தால், அங்கே அது திறந்துதான் கிடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.) ஹேஷ் பட்டியலைத் திருடியவன் தளத்தின் வாசலில் நின்று மூன்று முறைதான் முயல முடியும் என்றெல்லாம் கிடையாது. தன் சொந்தக் கணினியில், யாரும் தடுக்காமல், ஒவ்வொரு சொல்லாக ஹேஷ் செய்து ஒப்பிட்டுக்கொண்டே இருப்பான். தளம் பலவீனமான முறையைப் பயன்படுத்தியிருந்தால் நொடிக்கு 1,000 கோடி ஊகங்கள் இன்றைய கருவிகளுக்குப் பெரிய விஷயமல்ல.

இந்த வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு சிறிய ஆங்கில எழுத்துகளில் 20,882 கோடி சேர்க்கைகள் உண்டு. எல்லாவற்றையும் முயன்று முடிக்க 21 நொடி போதும். அதே எட்டு இடத்தில் பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்தாலும் எட்டு நாளைக்குள் முடிந்துவிடும். அதற்குப் பதில் குறியீடே இல்லாமல், வெறும் சிறிய எழுத்துகளில் பதினாறு இடத்துக்கு நீட்டினால்? ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகும். குறியீட்டை விட நீளம் பல மடங்கு உழைக்கிறது. ஒரு நிபந்தனை, அந்த எழுத்துகள் தற்செயலாக வந்தவையாக இருக்க வேண்டும்.

தற்செயல் என்பது நம் மூளைக்கு வராது. நாமாக யோசித்தால் கடைசியில் பிடித்த ஊரும் பிடித்த ஆளும்தான் வந்து நிற்கும். அதற்குத்தான் 1995-இல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் ‘டைஸ்வேர்’ என்று ஒரு வழி சொன்னார். 7,776 சொற்கள் கொண்ட பட்டியல்; பகடையை ஐந்து முறை உருட்டினால் அதிலிருந்து ஒரு சொல் கிடைக்கும். இப்படி ஆறு சொற்கள். குடை, நண்டு, வியாழன், ஏணி, கம்பளி, தபால் என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அர்த்தமே இல்லை, ஆனால் ஒரு நண்டு குடை பிடித்து ஏணி ஏறுவதாக நினைத்துக்கொண்டால் மறக்காது. நான் சொன்ன அதே வேகத்தில் இப்படி ஒரு தொடரை உடைக்க லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். தயவுசெய்து இந்த ஆறையே வைத்துவிடாதீர்கள். வானொலியில் சொல்லியாயிற்று.

சரி, அந்தப் பழைய பாடத்தின் கதை. 2003-இல் அமெரிக்கத் தரநிலை நிறுவனத்தில் பில் பர் என்பவர் எழுதிய ஆவணத்திலிருந்துதான் குறியீடு கட்டாயம், அடிக்கடி மாற்றுவது கட்டாயம் என்ற வழக்கங்கள் உலகெங்கும் பரவின. 2017-இல் பத்திரிகைப் பேட்டி ஒன்றில், தான் செய்ததில் பெரும்பகுதிக்கு இப்போது வருந்துவதாக அவர் சொன்னார். அதே ஆண்டு அந்த நிறுவனமும் விதியை மாற்றியது. கசிந்ததற்கு அடையாளம் இல்லாமல் மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்றது. கட்டாயப்படுத்தினால் ஜனங்கள் கடைசியிலுள்ள 1-ஐ 2 ஆக்குவார்கள், அவ்வளவுதான். இருந்தும் பல அலுவலகங்கள் இன்னும் தொண்ணூறு நாள் கணக்கை விடுவதாயில்லை.

நூறு கணக்குக்கு நூறு சொற்றொடர் யாருக்கும் நினைவிருக்காது, இருக்கவும் வேண்டாம். எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரே பூட்டுக்குள் வைத்துக் காக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் செயலி அதைப் பார்த்துக்கொள்ளும். ஆறு சொல் தொடர் அதன் பூட்டுக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று என்று இரண்டு போதும். செயலியில் இன்னொரு லாபம், போலித் தளத்தின் முகவரி ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அது தானாகக் கடவுச்சொல்லை நிரப்பாது. நம் கண் அங்கே ஏமாறும். செயலி பிடிக்காதவர்கள் நோட்டில் எழுதிப் பீரோவில் வையுங்கள். நான் இதைக் குறையாகவே நினைப்பதில்லை. இணையத் திருடன் உங்கள் பீரோவுக்கு வர மாட்டான். வீட்டில் மற்றவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள் என்றால் மட்டும் வேறு வழி யோசிக்க வேண்டும்.

இன்று ஒரே ஒரு கணக்கை மட்டும் சரிசெய்ய நேரம் இருந்தால் மின்னஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்புகள் அங்கேதான் வந்து விழுகின்றன. புதிய தொடர் வைத்த கையோடு, கடவுச்சொல்லுக்கு மேல் உங்கள் போன் வழியாகவும் ஒருமுறை உறுதிசெய்யச் சொல்லும் இரண்டு படிச் சரிபார்ப்பையும் இயக்குங்கள். அப்போது மீட்புக் குறியீடுகள் என்று சில எண்களைத் தருவார்கள். பலரும் அந்தப் பக்கத்தைப் படிக்காமலே மூடிவிடுகிறார்கள். போன் தொலைந்த அன்று உள்ளே நுழைய அவைதான் வழி. காகிதத்தில் எழுதி, போனோடு சேராத இடத்தில் வையுங்கள். நன்றி, வணக்கம்.