ஒற்றைப் பாதம் தெரியும் படம்

நேயர்களுக்கு வணக்கம். சுவரோவியங்களைப் பற்றி வானொலியில் பேசச் சொல்லிவிட்டார்கள். கண்ணுக்குரியதைக் காதில் ஊற்றுகிற வேலை. அதனால் பத்து ஓவியங்களை அவசரமாக ஒப்பிப்பதைவிட, ஒரே ஒரு படத்தை நிதானமாகச் சொல்லப்போகிறேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நல்லது. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் மட்டும் மூட வேண்டாம்.

பலகைச் சுவர் ஒன்று. அதன் முன்னால் ஒரு மனிதர் நிற்கிறார். நல்ல வெயில். உடம்பு முழுக்க வெள்ளை அங்கி; கைகள் இரண்டும் நீண்ட சட்டைக்கைகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. தலையில் சுற்றிய வெள்ளைத் துணியின் முனை கீழிறங்கி வாயையும் மறைக்கிறது. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் அடர்ந்த நிழல். கீழே ஒரு பாதம் தெரிகிறது. மற்றொன்று நிழலில் கரைந்துபோயிருக்கிறது.

இந்தப் படத்தைத்தான் செனகல் நாட்டுத் தலைநகர் டக்காரில் தெருத்தெருவாகப் பார்த்தேன். டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடையில், தையற்கடைக் கதவில், நீலமும் மஞ்சளும் பூசிய பழைய சிற்றுந்துகளின் பக்கவாட்டில், வீட்டு மதிலில். சில இடங்களில் ஆளுயரம், சில இடங்களில் உள்ளங்கையளவு. தேர்ந்த கை வரைந்ததும் உண்டு. மூக்கு எங்கே என்று தேட வேண்டியதும் உண்டு. ஆனாலும் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. வெள்ளையும் கறுப்பும் இருந்தால் போதும், அவர் வந்து நின்றுவிடுகிறார்.

அவர் பெயர் ஷேக் அமது பம்பா. முரீது என்ற சூஃபி நெறியை நிறுவியவர். ஆயுதம் ஏந்தியவர் அல்லர்; அரபு மொழியில் கவிதைகள் எழுதியவர். ஆனால் அவர் பின்னால் திரண்ட கூட்டத்தைப் பார்த்து பிரெஞ்சு ஆட்சியாளர்கள் மிரண்டுபோனார்கள். 1895இல் கப்பலேற்றி, மத்திய ஆப்பிரிக்காவில் இருக்கும் காபோன் நாட்டின் காட்டுக்கு நாடு கடத்தினார்கள். ஏழு ஆண்டுகள் கழித்துத் திரும்பியவரை மறுபடியும் மொரிட்டேனியாவுக்கு அனுப்பினார்கள். கடைசியில் ஜுர்பெல் என்ற ஊரில் கண்காணிப்பில் வைத்தார்கள். அங்கேதான் 1913இல் இந்தப் புகைப்படம் எடுக்கப்பட்டது. அவரைக் காட்டுவதாக நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே புகைப்படம் இதுதான். சில ஆண்டுகளில், செனகலின் இஸ்லாமைப் பற்றி ஒரு பிரெஞ்சு அதிகாரி எழுதிய நூலில் அது அச்சேறியது.

ஆளை அடையாளம் வைத்துக்கொள்ள அரசாங்கம் விரும்பியிருக்கும். கிடைத்ததோ, முகமே சரியாகத் தெரியாத ஒரு முகம். அதைத்தான் மக்கள் எடுத்துக்கொண்டு ஊரெங்கும் வரைந்துவிட்டார்கள். முரீதுகளுக்கு இந்தப் படம் சுவரின் அலங்காரம் அல்ல. அருள் சுரக்கும் இடம். அந்த அருளை பரக்கத் என்கிறார்கள். படம் இருக்கும் வீட்டுக்குக் காவல் உண்டு, கடைக்கு வியாபாரம் உண்டு என்பது நம்பிக்கை. காணாமல்போன அந்தப் பாதத்துக்கும் விளக்கம் இருக்கிறது. மறைந்த பாதம் மறைபொருளின் உலகத்தில் ஊன்றியிருக்கிறதாம். காமிராவின் கோளாறு என்று நான் வாய் திறக்கவில்லை. அவர்களுடைய விளக்கம்தான் எனக்கும் பிடித்திருந்தது.

இன்னொரு காட்சியும் அடிக்கடி வரும். நாடு கடத்திக்கொண்டு போகும்போது கப்பலில் தொழக் கூடாது என்று தடுத்தார்களாம். அவர் தொழுகைப் பாயைக் கடல் நீரின்மேல் விரித்துத் தொழுதார் என்பது பக்தர்கள் சொல்லும் கதை. கண்ணாடியின் பின்புறம் தீட்டும் ஓவியங்களில் இது வெகு பிரபலம். கப்பல், மீன்கள், நடுவில் பாய்.

பம்பா ஒருவரால் மட்டும் டக்காரின் சுவர்கள் நிறைந்துவிடவில்லை. 1980களின் முடிவில் ஊர் நாறிக்கிடந்தது. குப்பை அள்ளும் ஏற்பாடு நொடித்துப்போயிருந்தது, இளைஞர்களுக்கு வேலை இல்லை, 1988 தேர்தலையொட்டித் தெருவில் கலவரம். 1990 வாக்கில் அதே இளைஞர்கள் துடைப்பமும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். அங்கே பேசும் வொலோஃப் மொழியில் 'செத்' என்றால் சுத்தம், 'செத்தல்' என்றால் சுத்தம் செய். செத்-செத்தல் என்றே அந்த இயக்கத்துக்குப் பெயர் நிலைத்துவிட்டது. சாக்கடையைத் தூர்வாரினார்கள், தெருமுனையில் பழைய டயர்களைப் பாதி புதைத்துச் சாயமடித்துக் குட்டிப் பூங்கா அமைத்தார்கள், கூட்டி முடித்த இடத்தின் சுவரில் படம் வரைந்தார்கள். பம்பாவும் மண்டேலாவும் பாப் மார்லியும் பக்கத்துப் பக்கத்தில் வந்தார்கள். கொசுவும் வயிற்றுப்போக்கும் தடுப்பூசியும்கூட ஓவியப் பொருளாயின.

கிராஃபிட்டி என்றதும் நமக்கு நள்ளிரவு, முகமூடி, போலீஸுக்குப் பயந்து ஓட்டம் என்றெல்லாம் தோன்றும். டக்காரில் அந்தக் கற்பனை எடுபடாது. சுவரில் வரைவது அங்கே பெருக்கித் துடைப்பதன் கடைசி வேலையாகத் தொடங்கியது. அதனால்தானோ என்னவோ, இன்றும் பட்டப்பகலில் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு வரைகிறார்கள்; தேநீர் வருகிறது; தெருப்பிள்ளைகள் சுற்றி நின்று குறை சொல்கிறார்கள்.

பாப்பிஸ்தோ என்ற ஓவியர், தொழிற்சாலைகள் நிறைந்த பெல்ஏர் பகுதியில் மிக நீளமான மதில் ஒன்றை ஆண்டுக்கணக்கில் வரைந்தார், அழித்தார், மேலேயே மறுபடி வரைந்தார். அங்கும் பம்பாதான் எல்லாருக்கும் மூத்தவர்.

அடுத்த தலைமுறை தூரிகையை வைத்துவிட்டு ஸ்பிரே டப்பாவை எடுத்தது. அதில் முன்னோடி டொக்தா. 2010இல் அவர் தொடங்கிய ஃபெஸ்டிகிராஃப் விழாவுக்கு வெளிநாட்டு ஓவியர்களும் வருகிறார்கள். பெண்களில் முதலில் பெயர் எடுத்தவர் ஜைனிக்ஸ். 2020இல் கொரோனா வந்தபோது ஆர்பிஎஸ் என்ற கிராஃபிட்டி ஓவியர் குழுவினர், ஷேக் அந்தா ஜோப் பல்கலைக்கழகத்தின் மதிலில் கை கழுவும் முறையையும் முகக்கவசத்தையும் பெரிது பெரிதாக வரைந்தார்கள். செத்-செத்தலின் பேரப்பிள்ளைகள் வேறு எதைத்தான் வரைவார்கள்! ஆனால் எல்லாமே எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். விழாவுக்கென்று வரைந்த சில சுவர்கள் பளபளவென்று இருக்கின்றன. பெயர்த்துக்கொண்டுபோய் பெர்லினில் வைத்தாலும் பொருந்திவிடும்.

நான் கடைசியாகச் சுற்றியது மெதினா பேட்டை. 1914இல் பிளேக் வந்தபோது, நோயைச் சாக்கிட்டு ஆப்பிரிக்கர்களை நகரின் மையத்திலிருந்து வெளியேற்றிக் குடியமர்த்திய இடம். தெருக்களுக்கு இன்றும் எண்கள்தாம். 2010லிருந்து இந்தத் தெருக்களையே கூரையில்லாத அருங்காட்சியகமாக்கி வருகிறார்கள். டிக்கெட் கிடையாது, காவலாளி கிடையாது. ஒரு பெரிய ஓவியத்தின் மூக்கிலிருந்து ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. அதில் கட்டிய கொடியில் துணி காய்ந்தது. அடியில் ஓர் ஆடு, பக்கத்தில் தண்ணீர் வாளி. கடற்காற்றின் உப்பில் சாயம் செதில் செதிலாக உரிந்து ஆட்டின் முதுகில் கிடந்தது.

பாதம் என் மனதை விட்டுப் போகவில்லை. பம்பாவின் படத்தைக் கண்ட இடத்திலெல்லாம் குனிந்து பார்த்தேன். சிலர் புகைப்படத்தில் உள்ளபடி ஒன்றோடு நிறுத்தியிருந்தார்கள். சிலர் மனம் கேளாமல் இரண்டாவதையும் போட்டுவிட்டிருந்தார்கள். ஒரு சந்தின் கோடியில் இருந்த சுவரில் காற்று கொண்டுவந்த மணல் அவருடைய முழங்கால்வரை ஏறியிருந்தது. அந்த ஓவியர் ஒன்று வரைந்தாரா, இரண்டா? குனிந்து மணலைத் தள்ளக் கையைக் கொண்டுபோனேன். எதிர்வாசலில் ஒரு பாட்டி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை எடுத்துக்கொண்டேன்.