வழக்கில் ஜெயித்த ஊரில் ஐந்து வருடம் பள்ளி இல்லை

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்க நடந்த போராட்டத்தை யார் சொன்னாலும் 1954இல் கொண்டுபோய் முடித்துவிடுகிறார்கள். பிரவுன் வழக்கு, உச்ச நீதிமன்றம், இனத்துக்கொரு அரசுப் பள்ளி கூடாது என்று ஒன்பது நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பு, சுபம். எனக்கு இது மனதுக்கு ஒப்பவே இல்லை. அந்த வழக்கைப் போட்ட ஊர்களில் ஒன்றில் தீர்ப்புக்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்த்தால் உங்களுக்கும் ஒப்பாது.

வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி; கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. அதன் முக்கிய ஊர் ஃபார்ம்வில். அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று மோட்டன் உயர்நிலைப் பள்ளி. 180 பேருக்காகக் கட்டிய கட்டடத்தில் 1951 வாக்கில் 450 பேருக்கு மேல் படித்தார்கள். இடம் போதவில்லை, புதுப் பள்ளி கட்டித் தாருங்கள் என்று பெற்றோர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கவுண்டி என்ன செய்தது? மரச்சட்டம் அடித்து, மேலே தார்க் காகிதம் ஒட்டி, சில கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்தது. பார்க்கக் கோழிக்கொட்டகை மாதிரியே இருந்ததாக ஊர்க்காரர்களே சொன்னார்கள். மழை பெய்தால் ஒழுகும். குளிர்காலத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு வேர்க்கும், தள்ளி உட்கார்ந்தவர் கோட்டைக் கழற்ற முடியாது. உடற்பயிற்சிக்கூடம் இல்லை, உணவுக்கூடம் இல்லை. வெள்ளையர் பள்ளியில் இவை எல்லாம் இருந்தன.

அந்தப் பள்ளியில் பார்பரா ஜான்ஸ் என்று ஒரு மாணவி, 16 வயது. ஒரு நாள் காலையில் பேருந்தைத் தவறவிட்டுச் சாலையோரம் நின்றாள். வெள்ளையினப் பிள்ளைகளின் பேருந்து பாதிக்கு மேல் காலியாக அவளைக் கடந்து போனது. ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று அன்றைக்குத்தான் உறுதியானதாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

1951 ஏப்ரல் 23. ஹெட்மாஸ்டருக்கு ஒரு போன் வருகிறது: உங்கள் மாணவர்கள் பேருந்து நிலையத்தில் வம்பில் மாட்டியிருக்கிறார்கள், உடனே வாருங்கள். அவர் கிளம்பிப் போகிறார். அது பிள்ளைகள் போட்ட திட்டம். உடனே ஹெட்மாஸ்டர் கூப்பிடுவதாக வகுப்புகளுக்குச் சீட்டுப் போகிறது. எல்லோரும் அரங்கில் கூடுகிறார்கள். திரை விலகினால் மேடையில் பார்பரா நிற்கிறாள்! ஆசிரியர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, இனி வகுப்புக்கு வரமாட்டோம் என்று அறிவிக்கிறாள். மொத்தப் பள்ளியும் வெளியே நடந்தது. வேலைநிறுத்தம் இரண்டு வாரம் நீடித்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளைகள் முதலில் கேட்டது நல்ல கட்டடம் மட்டும்தான். உதவி கேட்டுப் போனபோது, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்ஏஏசிபி அமைப்பின் வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும் வேறு ஒன்றைச் சொன்னார்கள். கறுப்பினத்தவருக்கென்று இருக்கும் தனிப் பள்ளியை மேம்படுத்தக் கேட்டு வழக்குப் போட மாட்டோம்; இனத்துக்கொரு தனிப் பள்ளி என்பதே கூடாது என்று கேட்பதானால் வருகிறோம். ஊர் கூடிப் பேசி ஒத்துக்கொண்டது. 117 மாணவர்கள் பெயரில் வழக்குப் பதிவானது. பிரவுன் வழக்கு என்று நாம் சொல்வது ஐந்து வழக்குகளின் சேர்க்கை. அதில் மாணவர்களே தொடங்கியது இது ஒன்றுதான்.

விலையும் அப்போதே தொடங்கிவிட்டது. ஹெட்மாஸ்டருக்கு வேலை போனது. பார்பராவின் பாதுகாப்புக்குப் பயந்து வீட்டார் அவளை அலபாமாவில் இருந்த அப்பாவின் சகோதரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சரி, 1954இல் ஜெயித்தாயிற்று. ஆனால் எப்போது நடைமுறைப்படுத்த வேண்டும் என்பதற்கு நீதிமன்றம் 1955இல் நாள் குறிக்கவில்லை. தக்க வேகத்தில் செய்யுங்கள் என்றது. அந்த ஓட்டை வழியே வர்ஜீனியாவின் தலைவர்கள் புகுந்தார்கள். செனட்டர் ஹாரி பேர்ட் முழு எதிர்ப்பு என்று கொடி பிடித்தார். 1959இல் இனியும் தள்ளிப்போட முடியாது என்று நீதிமன்ற உத்தரவு வந்ததும், பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி பள்ளிகளுக்கு வரிப்பணம் ஒதுக்காமல் விட்டுவிட்டது. ஒரு பள்ளிக்கு அல்ல, கவுண்டியின் எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் பூட்டு.

வெள்ளையினப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தயாராக இருந்தது. அதன் கட்டணத்துக்கு அரசுப் பணமே பிறகு மானியமாகப் போனது. கறுப்பினப் பிள்ளைகள் சுமார் 1,700 பேருக்கு எதுவும் இல்லை. உங்களுக்கும் ஒரு தனியார் பள்ளி வைத்துத் தருகிறோம் என்று வெள்ளையர்கள் சொல்லிப் பார்த்தார்கள். ஒத்துக்கொண்டால் வழக்கு செத்துவிடும் என்பதால் அந்த மக்கள் மறுத்துவிட்டார்கள். அது எவ்வளவு கனமான முடிவு! தன் பிள்ளை எழுத்துத் தெரியாமல் வளர்வதைத் தினமும் பார்த்துக்கொண்டே மறுப்பது.

பாதிரியார் பிரான்சிஸ் கிரிஃபின் முன்னே நின்றார். தேவாலயங்களில் சின்னச் சின்ன வகுப்புகள் நடந்தன. சிலர் பக்கத்து ஊர் உறவினர் வீட்டுக்குப் போனார்கள். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் சில பிள்ளைகளை வேறு மாநிலங்களில் தங்கிப் படிக்க வைத்தார்கள். மற்ற பலர் வயல் வேலைக்குப் போனார்கள்.

நான்கு வருடம் கழித்து, 1963இல்தான், கென்னடி அரசின் முயற்சியால் நன்கொடைப் பணத்தில் இலவசப் பள்ளிகள் திறந்தன. பத்து வயதில் முதல் முறையாக வகுப்பறையைப் பார்த்த பிள்ளைகள் அங்கே வந்தார்கள். 1964 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டது. தக்க வேகம் என்பதற்கான காலம் முடிந்துவிட்டது என்று நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதினார். அந்த ஆண்டுதான் அரசுப் பள்ளிகள் மீண்டும் திறந்தன.

2004இல் வர்ஜீனியா, பள்ளி மூடலால் படிப்பை இழந்தவர்களுக்கு உதவித்தொகை அறிவித்தது. அதற்குள் அவர்களில் பலருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. இது நல்ல காரியம்தான், ஆனால் அதை ஈடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம், இப்படிப் பூட்டியது இந்த ஒரு கவுண்டி மட்டும் அல்ல. ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரத்தில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் ராணுவப் பாதுகாப்போடு வெள்ளையர் பள்ளிக்குள் போன படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு அடுத்த கல்வியாண்டு முழுக்க அந்த நகரத்தின் அரசு உயர்நிலைப் பள்ளிகள் மூடிக்கிடந்தன. அடுத்த காணொளியில் அதைப் பேசுகிறேன்.