கருப்புக் கம்பி எங்கே இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். எலக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கும் பிள்ளைகளிடம் இன்று பேசப்போகிறேன். பாலிடெக்னிக்கில் முதல் வருடம் படிப்பவர்கள், புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன போர்டான ஆர்டுயினோ ஒன்றை வாங்கி வீட்டில் எதையாவது செய்து பார்ப்பவர்கள், ரிப்பேர் கடையில் வேலை பழகுகிறவர்கள் எல்லாருக்கும் இது பொருந்தும்.

இவர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்வி, "சார், இந்தக் கம்பியில எத்தனை வோல்ட் இருக்கு?" நான் பதில் சொல்வதில்லை. "எதுல இருந்து பார்த்து, மக்களே?" என்று திருப்பிக் கேட்பேன். ஒரு கம்பிக்கென்று தனியாக வோல்டேஜ் கிடையாது. இரண்டு இடங்களுக்கு நடுவில் உள்ள வித்தியாசத்தைத்தான் வோல்டேஜ் என்கிறோம். அதனால்தான் வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டருக்குச் சிவப்பும் கருப்புமாக இரண்டு கம்பி.

வள்ளுவர் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை அடி என்றால் நம் ஊரில் சின்னப் பிள்ளைகூட 133 என்று சொல்லிவிடும். அது 38 அடி பீடத்தையும் சேர்த்த கணக்கு. பீடத்தின் மேலிருந்து அளந்தால் சிலை 95 அடிதான். கடல்மட்டத்திலிருந்து அளந்தால் இந்த இரண்டுமில்லாமல் இன்னொரு எண் வரும். எல்லாமே சரியான விடைதான், டேப்பின் அடிமுனையை எங்கே வைத்தோம் என்பதைச் சொல்லிவிட்டால் போதும். மல்டிமீட்டரின் கருப்புக் கம்பி அந்த அடிமுனை. ஒரு சர்க்யூட்டில் அதை வைப்பதற்கென்று நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் இடத்தின் பெயர் கிரவுண்டு. அந்த இடத்தைச் சுழி வோல்ட் என்று வைத்துக்கொண்டு மற்ற இடங்களை அளக்கிறோம்.

9 வோல்ட் பேட்டரி இரண்டை வாங்கிச் செய்து பாருங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு பேட்டரியின் மைனஸில் கருப்பு, பிளஸ்ஸில் சிவப்பு. ஏறக்குறைய 9 காட்டும், புதிய பேட்டரி என்றால் கொஞ்சம் கூடவே இருக்கும். கம்பிகளை மாற்றிப் பிடித்தால் மைனஸ் 9. பேட்டரி கெட்டுவிடவில்லை, அடிமுனை இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். அப்புறம், ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸோடு சேருங்கள். இரண்டு ஓரங்களுக்கும் நடுவே 18 வரும். இப்போது கருப்பை நடுவிலுள்ள இணைப்பில் வைத்துவிட்டுச் சிவப்பை ஒரு ஓரத்தில் வைத்தால் பிளஸ் 9, மறு ஓரத்தில் வைத்தால் மைனஸ் 9. சிக்னலைப் பெரிதாக்கும் ஐசியான ஆப்-ஆம்ப் உள்ள சர்க்யூட்டுகளில் "பிளஸ் 9, மைனஸ் 9 சப்ளை" என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் மலைத்துப் போகிறார்கள். இதே ஏற்பாடுதான் அது.

சரி, இணைப்பைக் கழற்றிவிடுங்கள். ஒன்றையொன்று தொடாத இரண்டு பேட்டரிகள். ஒன்றின் மைனஸில் கருப்பும் மற்றதன் பிளஸ்ஸில் சிவப்பும் வைத்தால்? மீட்டர் சுழிதான் காட்டும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு இடமே இல்லாதபோது வித்தியாசத்தை எப்படிச் சொல்வது? ஆர்டுயினோவோடு மோட்டாரை ஓட்டும் டிரைவர் போர்டை இணைத்து, மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுக்கும் பிள்ளைகள் சிக்கிக்கொள்வது இங்கேதான். சிக்னல் கம்பியை மட்டும் கொடுத்திருப்பார்கள். ஆர்டுயினோ 5 வோல்ட் அனுப்புகிறது. அது அதனுடைய கிரவுண்டிலிருந்து பார்த்த 5 வோல்ட். டிரைவருக்கு அந்தக் கிரவுண்டு எதுவென்றே தெரியாது. இரண்டு போர்டின் கிரவுண்டையும் ஒரு கம்பியால் சேருங்கள், மோட்டார் சொன்னபடி கேட்கும். பிளஸ் கம்பிகளைச் சேர்க்கக் கூடாது.

கிரவுண்டு என்றதும் மண்ணில் புதைக்கும் எர்த் என்று நினைத்துவிடுகிறார்கள். நீங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருப்பது பேட்டரியில் ஓடும் கையடக்க ரேடியோவாக இருந்தால், அதற்குள்ளும் கிரவுண்டு உண்டு, பெரும்பாலும் பேட்டரியின் மைனஸ் பக்கம். மண்ணோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. வீட்டு எர்த்தின் வேலை வேறு. பிரிட்ஜின் இரும்பு உடம்பில் கரண்ட் வரும் பேஸ் கம்பி உரசிவிட்டால், கரண்ட் நம் உடம்பு வழியாக ஓடாமல் எர்த் கம்பி வழியாகப் பாய்ந்து பியூஸைப் போக்க வேண்டும், உயிரைக் காக்க வேண்டும். டிரான்ஸ்பார்மரில் நியூட்ரல் என்னும் திரும்பு கம்பியை மண்ணோடு சேர்த்திருப்பதால் நம் காலடித் தரைக்கும் பேஸுக்கும் நடுவே 230 வோல்ட் இருக்கிறது. வெறுங்காலோடு பேஸைத் தொட்டால் மீட்டர் கணக்கில் சொன்னால் சிவப்பு முனை நம் கை, கருப்பு முனை நம் கால். ஆகவே பிள்ளைகளே, பழகும் காலத்தில் பேட்டரியோடு நில்லுங்கள். சுவரிலுள்ள பிளக்கில் கம்பியை நுழைக்க வேண்டாம். இன்னொன்று, சிவப்புக் கம்பி மீட்டரில் 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது வோல்டேஜ் பார்க்கவே கூடாது. அந்தத் துளைக்குள் மீட்டர் ஏறக்குறைய வெறும் கம்பி மாதிரி. பேட்டரியே ஷார்ட் ஆகிவிடும்.

குளச்சல், முட்டம், சின்னமுட்டம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இனிச் சொல்வது நேரடியாகவே உதவும். காரில், பைக்கில் பேட்டரியின் மைனஸை இரும்பு உடம்போடு சேர்த்துவிடுவார்கள், உடம்பே பாதிக் கம்பியாகிவிடும். பைபர் வள்ளத்தில் அது நடக்காது. லைட், ஜிபிஎஸ், வயர்லெஸ் ஒவ்வொன்றுக்கும் பிளஸ்ஸோடு மைனஸும் இழுக்க வேண்டும். இணைப்புகள் அதிகம், எல்லாவற்றிலும் உப்புக்காற்று. செம்பில் பச்சை பூத்துவிடும்.

"பேட்டரி 12.6 காட்டுது, லைட் மட்டும் மங்கலா எரியுதே" என்பார்கள். பெரும்பாலும் குற்றம் பேட்டரியில் இருக்காது, இணைப்பில்தான் இருக்கும். லைட்டைப் போட்டுவிட்டு, கருப்புக் கம்பியின் முனையை பேட்டரியின் மைனஸ் ஈயக் குமிழிலேயே வையுங்கள். சிவப்பை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பில் வையுங்கள். நடுவில் ஒரு விரற்கடைகூட இருக்காது. இரண்டும் ஒரே இணைப்பு என்பதால் சுழிக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். ஒரு வோல்ட் காட்டினால், லைட்டுக்குப் போக வேண்டிய வோல்டேஜில் ஒன்றை அந்தப் பச்சையே தின்றுவிடுகிறது என்று பொருள். கிரவுண்டு என்று பெயர் வைத்துவிட்டதால் மட்டும் ஒரு கம்பியின் எல்லா இடமும் சுழியாகிவிடுவதில்லை. லைட்டை அணைத்துவிட்டு அளந்தால் இந்தக் குறை தெரியவே தெரியாது, கரண்ட் ஓடும்போதுதான் வெளிப்படும்.

லைட்டை அணைத்து, கிளாம்பைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு ஈயமும் செம்பும் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். இறுக்கிப் பூட்டி, மேலே வாஸ்லின் தடவுங்கள். மறுபடி லைட்டைப் போட்டு அளந்துவிட்டு, அதேபோல ஒவ்வொரு இணைப்பாகத் தாண்டி லைட்டின் ஹோல்டர் வரை போங்கள். மைனஸ் பக்கம் முடிந்ததும் பிளஸ் பக்கம். நன்றி, வணக்கம்.